சம்மட்டியின் தலைக்கு மதிப்பெண்

குத்துச்சண்டை என்பது ஒருவர் தலையில் இன்னொருவர் குத்துவது. இதனால் தலைக்கு அடிபட வாய்ப்பு உண்டு என்பதை எங்கள் ஊர்க் குத்துச்சண்டைச் சங்கம் ஆழ்ந்த பரிசீலனைக்குப் பிறகு ஒப்புக்கொண்டது. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்வந்த சங்கச் செயலாளர்தான் இந்த உண்மையைக் கொண்டுவந்தார். அங்கே இப்போது எல்லோரும் தலையைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். நாம் மட்டும் பின்தங்கலாமா? உடனே தலைநல உயர்மட்டக் குழு அமைந்தது. குழுவில் ஒரு டாக்டரும் இருந்தார். பல் டாக்டர். பல்லும் தலையில்தானே இருக்கிறது என்றார் செயலாளர்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் சலூன் வைத்திருக்கிறேன். கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் பொய் பேசுவதில்லை. செயலாளர் என் வாடிக்கையாளர். சம்மட்டியும் அப்படித்தான்.

சம்மட்டி எங்கள் சாம்பியன். வலது கையால் ஒரு போடு போட்டால் எதிராளி படுத்துவிடுவான். ஆனால் அந்த ஒன்றைப் போடுவதற்கு முன் முகத்திலும் மண்டையிலும் வாங்கிக்கொண்டே இருப்பது அவர் பாணி. ரசிகர்களுக்கு அதுதான் பிடிக்கும். எனக்கும்தான், சும்மா சொல்லக் கூடாது.

குழுவின் ஏற்பாடு இது. சீசன் தொடங்கும் முன் எல்லா வீரர்களுக்கும் ஞாபகப் பரீட்சை. சில வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், சின்னச் சின்னக் கணக்குக் கேட்பார்கள். மொத்தம் முப்பது மார்க். சீசன் நடுவில் மறுபடி அதே பரீட்சை. மார்க் குறைந்தால் மூளைக்கு அடி என்று அர்த்தம், ஒரு வருஷம் ஓய்வு. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சம்மட்டியின் கோச் விவரமான ஆள். முதல் பரீட்சையில் நல்ல மார்க் வாங்குகிறவன்தான் பிறகு மாட்டுவான் என்று கண்டுகொண்டார். தெரிந்தாலும் தெரியாது என்று சொல்லும்படி எல்லா வீரர்களுக்கும் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார். மாணவர்களை மக்காக்கியவர்களில் இவர்தான் முதல் வாத்தியார் என்று சொல்ல முடியாது. சம்மட்டி முப்பதுக்கு ஒன்பது வாங்கினார். பூனைப் படத்தைக் காட்டி என்ன என்று கேட்டதற்கு, நாற்காலி என்றாராம். கோச் தோளில் தட்டிக்கொடுத்தார்.

சீசன் நடந்தது. சம்மட்டியும் வாங்க வேண்டியதை வாங்கினார், போட வேண்டியதைப் போட்டார். ஒருநாள் காலையில் முடி வெட்டிக்கொண்டு போனவர், மத்தியானம் மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தேடிக்கொண்டு பின்னாலேயே அவர் மனைவி வந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, மகள் எங்கே என்று வீடெல்லாம் தேடுகிறார் என்று சொல்லி அழுதார்.

மறு பரீட்சை வந்தது. சம்மட்டிக்குப் பதினாறு மார்க்! கோச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அடியோடு மறந்துபோய், பாவம், மனுஷன் உண்மையாகவே முயற்சி பண்ணியிருக்கிறார். மற்ற வீரர்கள் கதையும் அதேதான். யார் அதிகம் அடி வாங்கினாரோ அவர் மார்க் அதிகம் ஏறியிருந்தது. குழு கூடியது, ஆராய்ந்தது, அறிவித்தது: குத்து வாங்குவது ஞாபகசக்தியைப் பெருக்குகிறது.

அப்புறம் என்ன, ஊரே கிளம்பிவிட்டது. தெருவுக்குத் தெரு 'குத்தறிவு' டியூஷன். பரீட்சைக்கு முந்தின வாரம் ஸ்பெஷல் குத்து. என் மச்சினன் தன் மகனைச் சேர்த்துவிட்டு, பிள்ளை கண்ணில் சுறுசுறுப்புத் தெரிகிறது என்றான். எனக்குத் தெரிந்தது வீக்கம்தான்.

சம்மட்டியின் மனைவி செயலாளரைப் பார்க்கப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"சார், நான் யாருன்னு என்கிட்டயே கேக்குறாரு."

"கேள்வி கேக்குறது அறிவு வளர்ற அறிகுறிம்மா."

"இறுதிப் போட்டியில மட்டும் இறக்காதீங்க. இன்னொரு அடி விழுந்தா உயிருக்கே ஆபத்துன்னு பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாங்க."

"அவங்க நம்ம குழுவுல உறுப்பினரா?"

அந்தப் பெண் எழுந்திருக்கவே இல்லை. விளக்கை அணைத்துப் பார்த்தார்கள், அப்போதும் உட்கார்ந்திருந்தார். கடைசியில் செயலாளர் கருணை கூர்ந்து இறங்கிவந்தார். மணி அடிப்பதற்கு முன் மேடையிலேயே நடுவர் ஒரு கேள்வி கேட்பார். பதில் வராவிட்டால் சண்டை ரத்து. என்ன கேள்வி என்று முடிவு செய்யக் குழு இரண்டு நாள் கூடியது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கலாம் என்றார் பல் டாக்டர். அன்றைக்கு என்ன கிழமை என்பதில் குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்ததால், பேர் என்ன என்று கேட்பதாகத் தீர்மானம் நிறைவேறியது.

போட்டி அரங்கில் என் பக்கத்து நாற்காலியில்தான் அந்தப் பெண் உட்கார்ந்தார். "சாயங்காலம்கூடக் கேட்டுப் பாத்தேண்ணே. பேர் சொல்லத் தெரியல" என்று என் காதில் சொன்னார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. புருஷனுக்குப் பேர் மறந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நடுவர் மைக்கை நீட்டினார். "உங்க பேர் என்ன?"

சம்மட்டி கையுறையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். பிறகு, பாடம் படிக்காமல் வந்த பையன் பக்கத்து பெஞ்சைப் பார்ப்பது மாதிரி எங்களைப் பார்த்தார். எங்கள் சாம்பியன் அப்படித் தடுமாறி நிற்கும்போது நாங்கள் சும்மா இருப்போமா? கூரை அதிரக் கத்தினோம். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் கிளம்பிய குரல் என்னுடையதுதான்.

"சம்மட்டி!"

"சம்மட்டி" என்று அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். நடுவர் தலையசைத்தார்.

"ஐயோ, அது அவரு பேரு இல்லீங்க! அது நீங்க வச்சது!" என்று அந்தப் பெண் எழுந்து நின்று கத்தினார். எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் மணி அடித்துவிட்டது. முன்வரிசைக்காரன் எழுந்து மறைத்தான். சரியாகத் தெரியட்டும் என்று நானும் நாற்காலி மேல் ஏறி நின்றேன்.