மகராசி பீய்ச்சிய தண்ணீர்

பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொல்லக் கிளம்பினால் என்ன ஆகும்? நம்ம ஆளுக்குச் சட்டை நனைந்தது. அந்த மட்டும் பரவாயில்லை.

மீன் காட்சியகத்தில் ஆக்டோபஸ் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. அதற்கு 'மகராசி' என்று பெயர் வைத்தது அவர் சம்சாரம். எலும்பில்லாத உடம்பு, நீல ரத்தம், மூணு இதயம். ஆனால் பார்த்த முகம் மறக்காது. பத்துப் பேர் நின்றாலும் இவரைத் தேடிப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சும். அப்படி என்ன பகையோ! தொப்பலாக வீடு வருகிற மனுஷனைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பாள் சம்சாரம்.

அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆனது. "அதிர்ச்சியான சேதி எதுவும் காதுல போடாதீங்க" என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்தா மகராசி முட்டையிட வேண்டும்? முட்டையிட்ட ஆக்டோபஸ் இரையைத் தொடாது. குஞ்சு பொரிக்கிறவரை காவல்தான், அப்புறம் ஓய்ந்துபோய்க் கண்ணை மூடிவிடும். இவரும் நண்டை நீட்டி நீட்டிக் கெஞ்சிப் பார்த்தார். கேட்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டது.

தலையே போனாலும் வீட்டில் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். தினம் சாயங்காலம் வாசல் குழாயில் சட்டையை நனைத்துக்கொண்டு உள்ளே நுழைவார்.

"இன்னிக்கும் பீய்ச்சிட்டாளா?"

"ஆமா, சனியன்! நேரா மூஞ்சியில!"

அவள் சிரிப்பாள். இவர் சட்டையைக் கழற்றிக் கட்டிலோர நாற்காலியில் காயப்போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் சத்தமில்லாமல் அழுவார்.

மூணு வாரம் இப்படியே ஓடியது. ஒருநாள் அவள் சிரிக்கவில்லை.

"மகராசி எப்பங்க போனா?"

"யா... யாரு? குத்துக்கல்லாட்டம் இருக்காளே!"

"முன்னெல்லாம் சட்டை காஞ்சா வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்திருக்கும். மூணு வாரமா ஒரு பொட்டு இல்ல. கடல் தண்ணிக்கும் குழாய்த் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்?"

"அப்புறம் ஏன்டி தினம் சிரிச்சே?"

"நீங்க தாங்கமாட்டீங்களே! அதான். நீங்க வேலைக்குப் போனதும் அழுதுக்குவேன்."

அவ்வளவுதான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார் மனுஷன். கண்ணீர் கன்னத்தில் வழிந்து கழுத்துப்பட்டிக்கு இறங்கியது. துடைக்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டாள் அவள்.

"விடுங்க. இன்னிக்காவது சட்டையில உப்புப் பூக்கட்டும்."