தண்ணீர்க் கம்ப்யூட்டரின் முப்பது நாள்

"அண்ணே, சாவியைக் குடுங்க" என்று உதவிப் பொறியாளர் தமிழ்மதி மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

சார்லஸ் கொடுக்கவில்லை. அது சட்டைப் பையில் போடுகிற சாவியும் இல்லை. நான்கு அடி நீள இரும்புக் கம்பி, தலையில் பிடிப்பதற்கு ஒரு குறுக்குக் கம்பி. பத்தொன்பது வருஷமாக அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய், குழிக்குக் குழி குனிந்து, வால்வைத் திருகித் திண்டுக்கல்லில் பதினோரு தெருக்களுக்குத் தண்ணீர் விட்டவர் அவர். எட்டு நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும் இடத்தில் அப்படிப்பட்ட மனிதருக்கு என்ன மரியாதை என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்குத் தேதி பார்க்கிறவர்கள் மண்டபத்துக்குப் போகும் முன்னால் சார்லஸ் வீட்டுக்குத்தான் வருவார்கள். பந்தியில் முதல் இலையும் அவருக்குத்தான்.

"இனிமே இது எதுக்குண்ணே? எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

கம்ப்யூட்டர் என்பது தண்ணீர்த் தொட்டி வளாகத்தில் புதிதாக நின்ற ஆள் உயர இரும்புப் பெட்டி. நெற்றியில் ஒரு பச்சை விளக்கு. திறந்தால் வாரண்டி போய்விடும் என்று கம்பெனிக்காரர்கள் அதைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்திலேயே ஒரு டர்பைன். மலையடிவார அணையிலிருந்து சரிந்து வரும் தண்ணீர் தொட்டிக்குள் விழுவதற்கு முன்னால் அதைச் சுற்றிவிட்டுப் போகும். அந்தக் கரண்டில் வளாகத்து விளக்கும் ஃபேனும் ஓடும். கம்ப்யூட்டர் அணை மட்டத்தையும் மழை அறிவிப்பையும் கரண்டையும் தெருக்களின் தேவையையும் சேர்த்துப் பார்த்து, மோட்டார் மாட்டிய வால்வுகளைத் தானே திறந்து தானே மூடும்.

"ஐப்பசியில வெயில் அடிக்குது, பங்குனியில மழை கொட்டுது. காலண்டரைப் பாத்துத் தண்ணி விடுற காலம் முடிஞ்சுபோச்சுண்ணே. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துப் பாக்கணும். ஒருங்கிணைந்த நீர் மேலாண்மை" என்றார் தமிழ்மதி.

"மழை மாறுச்சு, சரி மேடம். நான் என்ன மாறினேன்?"

தமிழ்மதிக்குப் பாவமாக இருந்தது. "முப்பது நாள் சோதனை ஓட்டம். சரியா ஓடலைன்னா மறுபடியும் நீங்கதான். ஓடிருச்சுன்னா உங்களைக் கொசு மருந்து அடிக்க மாத்திருவாங்க. என் கையில ஒண்ணுமில்லண்ணே."

சார்லஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கொல்லையில் மனைவி டெய்சி துணி காயப்போடும் கயிற்றுக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய சாவியை உருவினார். ஈரச் சேலைகள் எல்லாம் மண்ணில் விழுந்தன.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுக்கப் போறேன்" என்றார் சார்லஸ்.

முதல் வாரத்துக்கு மட்டும் கம்பெனி ஓர் அட்டவணை அச்சடித்துக் கொடுத்திருந்தது. அதன்படி திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தோணியார் தெரு. அங்கேதான் சார்லஸின் வீடும் இருந்தது. ஐந்தரைக்கே கிளம்பிப்போன சார்லஸ், மோட்டார் மூடியைத் தூக்கிவிட்டு, சம்பந்தமே இல்லாத பள்ளிவாசல் தெருவுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். ஒரு தெருவே குடத்தோடு வந்து தமிழ்மதியைக் கேள்வி கேட்கும், கம்ப்யூட்டரின் கதை முதல் நாளே முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

ஆறு மணிக்கு அந்தோணியார் தெருவில் மழை கொட்டியது. அதுவும் சாதாரண மழை இல்லை. முக்கால் மணி நேரத்தில் தெருவிலுள்ள குடம், அண்டா, குழந்தை குளிக்கிற டப்பா வரைக்கும் நிரம்பிவிட்டது.

"பாத்தீங்களா, மழை வரும்னு தெரிஞ்சு தண்ணியை வேற பக்கம் அனுப்பிருச்சு. எம்புட்டு அறிவு பாருங்க அதுக்கு" என்றாள் டெய்சி, தலையைத் துவட்டிக்கொண்டே.

மத்தியானம் சார்லஸ் தொட்டிக்குப் போனார். அங்கே பள்ளிவாசல் தெரு பிரியாணி மாஸ்டர் சௌகத் அலி ஒரு பெரிய பொட்டலத்தோடு நின்றிருந்தார்.

"இன்னைக்கு எம் மக ரிஃபாத்துக்கு நிக்காஹ், அண்ணே. சொல்லி வச்ச தண்ணி லாரி காலையில வரலை. ஆறு அண்டாவுக்கு அரிசி ஊறப் போடாம தலையில கைய வச்சு உக்காந்துட்டேன். திடீர்னு குழாயில தண்ணி. அதுக்கு யாரு சொன்னா எம் மகளுக்கு நிக்காஹ்னு? மாஷா அல்லா, அதுக்கு மனசு இருக்கு."

சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பெட்டியின் முன்னால் பயபக்தியோடு வைத்தார். முதல் பிரியாணி. எப்போதும் சார்லஸுக்கு வருவது அது. கொசு மருந்து அடிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தன் இலையில் ஓர் இரும்புப் பெட்டி உட்காருவதை அவரால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை அணையிலிருந்து வரும் பெரிய குழாயையே அடைத்துவிட்டார். தொட்டிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. டர்பைன் நின்றது, பச்சை விளக்கும் அணைந்தது. இனி என்ன ஆகிறது பார்ப்போம் என்று டீக்கடையில் போய் உட்கார்ந்தார்.

டீ வருவதற்குள், ரோட்டைத் தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபி அந்தப் பெரிய குழாயைக் குத்திக் கிழித்துவிட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்திருந்தால் கடைத்தெருவே மிதந்திருக்கும். வெறும் குழாய் என்பதால் இரண்டு மணி நேரத்தில் ஒட்டுப் போட்டுவிட்டார்கள்.

"அபாயம்னு தெரிஞ்சு தன்னையே அணைச்சுக்கிருச்சுண்ணே" என்று தமிழ்மதி கண் கலங்கினார். அன்று ராத்திரியே சார்லஸ் அடைத்ததைத் திறந்துவிட்டார்; தண்ணீர் இருந்தால்தானே தெருவை மாற்றிவிட முடியும்.

மறுநாள் பேப்பரில் பெட்டியின் படம் வந்தது. சார்லஸ் பத்தொன்பது வருஷம் குனிந்ததில் அவர் முதுகுகூட எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை.

இரண்டாம் வாரத்திலிருந்து அட்டவணையும் கிடையாது, கம்ப்யூட்டர் தானே முடிவெடுக்கும் என்றார்கள். சார்லஸுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. அது முடிவெடுக்கும் முன்னால் தினமும் விடியற்காலையில் போய், அது எந்தத் தெருவைத் திறக்காது என்று யோசித்து அதைத் திறந்தார். மேட்டுத் தெருவுக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விட்டார். அங்கே பதினைந்து வருஷமாகத் தண்ணீர் ஏறாத வீடுகளில் ஏறியது. பள்ளத் தெருவுக்குக் குறைத்தார். சாக்கடை வழியாமல் கொசு குறைந்தது. கோபத்தில், தொட்டியிலிருந்து தோல் கிடங்குப் பக்கம் போகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி வறண்ட ஊருணிக்குத் திருப்பிவிட்டார். ஒரே வாரத்தில் சுற்றியிருந்த ஆழ்துளைக் கிணறுகள் எல்லாம் ஊறிவிட்டன.

"வேலையில இருந்தப்பகூட நீங்க இம்புட்டு ஒழுங்காப் போனதில்ல. ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூட வர்றதில்ல" என்றாள் டெய்சி.

"அது தோக்கணும் டெய்சி. ஒரு நாளாவது தோக்கணும்."

"அது தோக்குறதா தெரியலைங்க. நீங்கதான் எளைச்சுக்கிட்டு வாரீங்க."

முப்பதாம் நாள் பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். கடைசி வாய்ப்பு. சார்லஸ் விடியற்காலையில் பெரிய குழாயின் வால்வை முரட்டுத்தனமாகக் கடைசிச் சுற்று வரைக்கும் திறந்துவிட்டார். தொட்டி வழிந்து வளாகமே குளமாகட்டும், அதிகாரியின் பூட்சுக்குள் தண்ணீர் போகட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

வழிந்த தண்ணீர் நேராக ஊருணிக்கு ஓடியது. அதற்குப் பாதையைப் போன வாரம் அவரேதான் வெட்டிவிட்டிருந்தார். பத்து மணிக்கு வெயில் தாங்காமல் ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. வளாகத்தில் மட்டும் டர்பைன் முழு வேகத்தில் சுற்றி, எல்லா ஃபேனும் பறந்துகொண்டிருந்தன. அதிகாரியின் நரைத்த முடி குளிர்ச்சியாக ஆடியது.

"மலையில ராத்திரி நல்ல மழையாம். அணை நிரம்பி வீணாப் போக இருந்த தண்ணியை முன்கூட்டியே இழுத்து, கரண்ட்டும் எடுத்து, ஊருணியிலயும் சேத்திருக்கு. இதை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோகணும், தமிழ்மதி" என்றார் அதிகாரி.

எல்லாரும் கை தட்டினார்கள். சௌகத் அலி பெட்டிக்கு ரோஜா மாலை போட்டார். சார்லஸுக்கு ஒரு துண்டைப் போர்த்தி, மாற்றல் கடிதத்தைக் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை நீட்டினார்கள்.

சார்லஸ் மைக்கை வாங்கிக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. அதன் மேல் அவருக்கு உண்மையாகவே மரியாதை வந்துவிட்டது.

"ஒரு உண்மையைச் சொல்லிட்டுப் போறேன்" என்று தொடங்கினார். "முப்பது நாளா நான் இதைக் கெடுக்கத்தான் பாத்தேன். திருட்டுச் சாவி வச்சிருக்கேன். தெரு மாத்தி விட்டேன். குழாயை அடச்சேன். இன்னைக்கு எல்லாத்தையும் திறந்துவிட்டேன். நான் என்ன செஞ்சாலும் அது அதை நல்லதாத் திருப்பிக்கிருச்சு. இம்புட்டு வருசம் இந்தத் தெருக்களை எனக்குத்தான் தெரியும்னு நெனச்சேன். என்னைவிட அதுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. கோச்சுக்காதீங்க. நான் கொசு மருந்துக்கே போறேன்."

கைதட்டல் நின்றது. தமிழ்மதி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அதிகாரியின் முகம் சிவந்தது. டெய்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலை மட்டுமல்ல, கொசு மருந்தும் போயிற்று என்று சார்லஸுக்கே தெரிந்துவிட்டது.

அப்போது வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு லாரி பின்பக்கமாக உள்ளே வந்து நின்றது. டிரைவர் பொன்னழகு இறங்கி, மாலை போட்ட பெட்டியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார், ஒரு மாசம் லேட்டாயிருச்சு. அந்தக் காலிப் பொட்டிக்குள்ள வைக்கிற கம்ப்யூட்டர் வந்திருக்கு, எங்க இறக்கட்டும்?"