துவக்கு என் கையில்

பாலசுந்தரம் மொட்டை மாடியில் காய்ந்த விரிப்புகளை அள்ளிக்கொண்டு, தான் வேலைசெய்யும் வீட்டின் குசினிக்குள் வந்தபோது, மேசையில் விட்டுப்போன அவருடைய போன் அதிர்ந்து அதிர்ந்து சீனிப் போத்தல் வரைக்கும் நகர்ந்துவிட்டிருந்தது.

எடுத்துப் பார்த்தார். கைதட்டும் படங்கள் ஒன்பது, கோபமுகங்கள் ஆறு. "சரியாய்ச் சொன்னியள் அண்ணை" என்று ஒருவர். "நீர் ஆரைச் சொல்லுறீர்?" என்று இன்னொருவர். எல்லாம் தென்றல் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில். அவற்றுக்கு மேலே, அவருடைய பெயரில், பதினொரு நிமிடமும் நாற்பது விநாடியும் நீளமான ஒரு வொய்ஸ்.

விரிப்புகள் கையை விட்டு நழுவின. அந்த வொய்ஸை அவர் அரை மணித்தியாலத்துக்கு முன்னர் தன் கூட்டாளி றோபேட்டுக்குத்தான் அனுப்பியிருந்தார். றோபேட் அலுவலகங்கள் துடைக்கிறவர். காதுக்குள் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால்தான் அவருக்குக் கை ஓடும். அதற்காகக் கிழமைக்கு மூன்று தரமாவது பாலசுந்தரம் உலக நடப்பைப் பேசி அனுப்புவார். அது எப்படி இருநூற்றுப் பதினாலு பேர் இருக்கிற குழுவுக்குப் போனது? விரல் எங்கேயோ பட்டிருக்க வேண்டும்.

பாலசுந்தரத்துக்கு மூன்று விடயங்களில் அசைக்கமுடியாத கருத்துகள் இருந்தன. முதலாவது துவக்கு. வன்னியில் வாழ்ந்தவர் என்பதால் துப்பாக்கி என்ற சாமானை ஆயுளுக்குப் போதுமான அளவு பார்த்துவிட்டார். எந்த நாட்டிலும் எந்த வீட்டிலும் அது இருக்கக்கூடாது என்பார். ஆனால் இத்தாலியில், பொலிதேயாமாப் பக்கத்தில் அவர் பராமரிக்கிற எண்பத்துமூன்று வயது மூதாட்டி சிஞ்ஞோரா மத்தில்தேயின் அலுமாரியிலேயே, காலஞ்சென்ற கணவரின் இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கு ஒன்று கோட்டுகளுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. பொலிசில் ஒப்படையுங்கள் என்று அவரும் சொல்லிப் பார்த்துவிட்டார். அது கணவரின் ஞாபகம் என்று சிஞ்ஞோரா மறுத்துவிட்டார்.

இரண்டாவது, போன். மனிதனுக்கு வேலைசெய்ய வந்த சாமானுக்கு இப்போது மனிதன் வேலைசெய்கிறான் என்பது அவர் கண்டுபிடிப்பு.

மூன்றாவதுதான் ஆபத்தானது. இரண்டு அணி மட்டும் உள்ள இடம் உருப்படாது, மூன்றாவதாக ஒன்று வரவேண்டும். தென்றல் சங்கத்தில் செல்வராசா அணி, கிறிகோரி அணி என்று இரண்டு. வருடத்துக்கு இரண்டு பொங்கல், இரண்டு விளையாட்டுப் போட்டி. போன வசந்தத்தில் சண்டை முற்றி, அல்பெர்கேரியாவில் இருக்கிற சங்க மண்டபத்துக் கதவில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். ஒருவர் திறக்க வந்தால் மற்றவர் வரமாட்டார். ஐந்து மாதமாகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கவில்லை. அறுபது பிள்ளைகள் வீட்டில் இருந்து இத்தாலியன் மட்டும் கதைத்தார்கள். வருகிற ஞாயிறு சங்கத் தேர்தல்.

அந்த வொய்ஸில் பாலசுந்தரம், செல்வராசாவுக்கு மைக் கிடைத்தால் காணும், கிறிகோரிக்கு மாலை கிடைத்தால் காணும், பிள்ளைகளைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையில்லை என்று மனம்விட்டுச் சொல்லியிருந்தார். ஆராவது மூன்றாவது அணி துவக்கவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். சிஞ்ஞோராவின் துவக்கைப் பற்றியும் அதே மூச்சில்.

உடனே அழித்துவிட முடிவுசெய்தார். வொய்ஸின் மேல் விரலை அழுத்தினார். போன் ஏதோ கேட்டது. முதலில் வந்ததை அமத்தினார். வொய்ஸ் மறைந்துவிட்டது. நிம்மதியாக விரிப்புகளை மடிக்கத் தொடங்கினார்.

நாலாவது விரிப்பில் றோபேட் போன் எடுத்தார்.

"அண்ணை, குறூப்பிலை போட்டிட்டியளே?"

"அழிச்சிட்டன்."

"உங்கடை போனிலை மட்டும்தான் அழிச்சிருக்கிறியள். எங்களுக்கெல்லாம் அப்பிடியே கிடக்கு. நான் இரண்டாந்தரம் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

தன் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இனி அவரால் அழிக்கவும் முடியாது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மனைவி அம்பிகைக்குப் போன் எடுத்துச் சொன்னார். அம்பிகை ஹோட்டலில் அறை துப்புரவு செய்பவர்; மற்றவர்கள் கலைத்துப் போட்டதைப் பார்த்துப் பதறுகிற வழக்கம் அவருக்கு இல்லை. பேசாமல் இருங்கோ, நாளைக்கு வேறு ஆராவது வேறு ஏதாவது போடுவார்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பேசாமல் இருப்பது பாலசுந்தரத்துக்கு வராது. ஒரு சின்ன விளக்கம் போட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தார். மூக்குக்கண்ணாடியை சிஞ்ஞோராவின் குசினியில் விட்டுவிட்டு வந்திருந்ததால் எழுத முடியவில்லை. பேசினால் போனே எழுதித் தரும் என்று யாரோ காட்டிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. சனம் நிறைந்த பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்த் தெளிவாகச் சொன்னார்:

"நான் மூண்டாவது அணி துவக்கேல்லை. துவக்கு என்ரையில்லை, சிஞ்ஞோராவின்ரை. ஆரும் பயப்பிடத் தேவையில்லை."

அந்தப் போன் படித்த தமிழ் வேறு தமிழ். விளங்கியதை எழுதியது, விளங்காததை விழுங்கியது. பாலசுந்தரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தமிழ் எழுத்து மாதிரித்தான் தெரிந்தது. அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குப் போனபோது அம்பிகை கதிரையில் போனோடு இருந்தார். வாசித்துக் காட்டினார்:

"நான் மூன்றாவது அணி. துவக்கு என் கையில். யாரும் பயப்படத் தேவையில்லை."

பாலசுந்தரம் இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். இரண்டாந்தரமும் அப்படியே இருந்தது.

"பதினேழு பேர் குறூப்பை விட்டுப் போட்டினம்" என்றார் அம்பிகை. "மிச்சப்பேர் கும்பிட்டுப் படம் போட்டிருக்கினம்."

அன்றிரவு பாலசுந்தரத்துக்கு இடியப்பம் இறங்கவில்லை. இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு இரண்டு வருடமாகக் காத்திருக்கிற மனிதர். யாராவது அந்த வரியை மொழிபெயர்த்து ஓர் அதிகாரிக்குக் காட்டினால் என்ன ஆகும்? எழுதி மறுக்கலாமா என்று கேட்டார். அம்பிகை அவருடைய போனை வாங்கிக் கோதுமை மா வாளிக்குள் வைத்து மூடினார்.

மறுநாள் வேலை முடிந்து பல்லரோச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது பின்னால் ஒரு குரல் மிகவும் மரியாதையாக "அண்ணை" என்றது. செல்வராசா. பத்து வருடமாக அவரை "பாலா" என்றே கூப்பிட்டவர். மீன்காரன் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்த இடத்தில், இரண்டடி தள்ளி, இரண்டு கையும் தெரியும்படி நின்றார்.

பாலசுந்தரம் எல்லாவற்றையும் விளக்கினார். போன், பஸ், கண்ணாடி, சிஞ்ஞோரா. அவர் விளக்கும்போது கையில் இருந்த நீளக் கத்தரிக்காய் அங்கும் இங்கும் ஆடியது. செல்வராசாவின் கண் அதைவிட்டு அகலவில்லை.

"ஓம் அண்ணை, விளங்குது. நாங்கள் எல்லாத்தையும் கதைச்சுத் தீர்க்கலாம்" என்றார். காற்சட்டைப் பையில் இருந்து மண்டபப் பூட்டின் திறப்பை எடுத்துக் கத்தரிக்காய்களின் மேல் வைத்தார். பிறகு பின்பக்கமாகவே நடந்து சந்தைக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

கிறிகோரி வீட்டுக்கே வந்தார். தேத்தண்ணீர் வேண்டாம் என்றார். தனக்கு மூன்று பிள்ளைகள் என்றார். பாலசுந்தரம் முதலில் இருந்து திரும்ப விளக்கி, நான் யாரையும் சுடுகிற ஆள் இல்லை என்று முடித்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் கிறிகோரி தன் திறப்பை மேசையில் வைத்துவிட்டு எழும்பிவிட்டார். ஐந்து மாதமாக ஊர்ப் பெரியவர்கள், குருக்கள், பாதிரியார் என்று எல்லாரும் கேட்டும் கிடைக்காத இரண்டு திறப்பும் இப்போது பாலசுந்தரத்தின் சாப்பாட்டு மேசையில் கிடந்தன.

மூலகாரணத்தை ஒழித்தால்தான் விடிவு என்று அவருக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை சிஞ்ஞோராவிடம் போய், கிட்டத்தட்டக் காலில் விழுந்து, அந்தத் துவக்கை ஒப்படைத்துவிடும்படி கெஞ்சினார். தனக்கு ஊரில் பெரிய பிரச்சினையாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். அத்தனை காலம் மறுத்த சிஞ்ஞோரா அன்று ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

பின்னேரம் கராபினியேரி பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். தாள்களை நிரப்பி, துவக்கை நீளப் பையில் போட்டு, பணிவாக நன்றி சொன்னார்கள். லிஃப்ட் வேலைசெய்யவில்லை. கீழே வாசற்கதவைத் திறந்துவிடப் பாலசுந்தரமும் கூட இறங்கினார். படி ஒடுக்கம், அவர் நடுவில் அகப்பட்டுக்கொண்டார். முன்னால் ஒரு பொலிஸ், நடுவில் பாலசுந்தரம், பின்னால் துவக்கோடு ஒரு பொலிஸ் என்று வரிசையாகத் தெருவுக்கு வந்தார்கள்.

எதிர்க் கட்டடத்தில் யன்னல் துடைத்துக்கொண்டிருந்தவர் யோசப்பின். தென்றல் சங்கத்து உறுப்பினர். துணியைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

பொலிஸ்காரரின் கார்க்கதவு திறப்பதற்குள் மா வாளியில் இருந்து மீண்டு வந்திருந்த பாலசுந்தரத்தின் போன் துள்ளத் தொடங்கிவிட்டது. "பாலா அண்ணையைப் பிடிச்சிட்டினம்" என்ற தலைப்போடு படம் குழுவில் கிடந்தது. அம்பிகை போன் எடுத்தார். ஹோட்டலுக்கு ஆறுபேர் துக்கம் விசாரிக்க எடுத்துவிட்டார்கள் என்றும், சாப்பாடு கொண்டுவந்தால் உள்ளே விடுவார்களா என்றும் கேட்டார். குரல் கொஞ்சம் சிரிப்புமாதிரியும் இருந்தது, அழுகைமாதிரியும் இருந்தது.

எழுத்தும் வேண்டாம், பேச்சும் வேண்டாம், படத்துக்குப் படமே மருந்து என்று பாலசுந்தரம் தீர்மானித்தார். தன்னோடு நின்று ஒரு படம் எடுக்க முடியுமா, மனைவி பயந்துபோய் இருக்கிறாள் என்று பொலிஸ்காரர்களிடம் கேட்டார். மூத்தவர் நல்ல மனிதர். பாலசுந்தரத்தின் தோளில் கையைப் போட்டுச் சிரித்தார். இளையவர் பெருவிரலை உயர்த்தினார். பாலசுந்தரம் அதைக் குழுவில் போட்டார்.

உடனே ஒருவர் எழுதினார்: "பொலிசும் அவரோடைதான்."

வெளியேறிய பதினேழு பேரும் மாலைக்குள் திரும்பச் சேர்ந்துகொண்டார்கள்.

ஞாயிறு பத்து மணிக்கு மண்டப வாசலில் நூற்றைம்பது சனம். பாலசுந்தரம் ஒரேயொரு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்: எனக்குப் பதவி வேண்டாம், திறப்புகளை வாங்கிக்கொள்ளுங்கோ. ஆனால் திறப்புகள் அவரிடம் இருந்ததால் கதவை அவரேதான் திறக்கவேண்டியிருந்தது. ஒரு பூட்டு, மற்றப் பூட்டு. கதவு முனகிக்கொண்டு திறந்ததும், பெரியவர்களின் கால்களுக்குள்ளால் பிள்ளைகள் பாய்ந்து உள்ளே ஓடினார்கள். அடைந்து கிடந்த வாசம் அடித்தது. கரும்பலகையில் ஐந்து மாதத்துக்கு முந்திய பாடம், பாதி எழுதிய 'வணக்' என்ற சொல்லோடு நின்றுபோயிருந்தது. ஒரு சிறுமி சோக்கட்டித் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, நுனிக்காலில் எட்டி, 'கம்' என்று எழுதி முடித்தாள். 'ம்' திரும்பி நின்றது.

செல்வராசா எழும்பித் தன் அணி விலகுகிறது என்றார். கிறிகோரி எழும்பித் தன் அணி அதற்கு முன்னமே விலகிவிட்டது என்றார். தலைவராகப் பாலசுந்தரத்தை ஏற்றுக்கொள்பவர்கள் கை உயர்த்தும்படி றோபேட் கேட்டார். பிள்ளைகளும் உயர்த்தினார்கள்.

பாலசுந்தரம் மனப்பாடம் செய்த வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். கரும்பலகையைப் பார்த்தார்.

"வாற சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வகுப்பு" என்றார். "பூட்டு இனி ஒண்டுதான்."

தன் வாழ்க்கையில் அவர் ஆற்றிய மிகச் சிறிய பேச்சு அதுதான். கைதட்டல் அடங்க வெகுநேரம் எடுத்தது. வீட்டுக்கு வரும் வழியில் அம்பிகை, தலைவருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு போதுமோ, இறைச்சி வேண்டுமோ என்று கேட்டார். பாலசுந்தரத்தின் நெஞ்சு வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் முன்னால் போனது.

திங்கட்கிழமை காலை சிஞ்ஞோராவுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டே முழுக்கதையையும் முதல்முறையாகச் சொன்னார். அந்தத் துவக்கு, அந்தப் பஸ், அந்தப் பொலிஸ் படம், இரண்டு திறப்பு. எல்லாம் றோபேட்டுக்கு அனுப்பியதைச் சங்கத்துக்கும் அனுப்பிவிட்ட இந்த விரலால் வந்தது, ஆண்டவனே பிடித்து அமத்தியிருக்கிறான் என்று விரலைத் தூக்கிக் காட்டினார்.

சிஞ்ஞோரா மத்தில்தே பிஸ்கட்டைக் கோப்பியில் தோய்த்தார்.

"அது உன் விரல் இல்லை, பாலா, என் விரல்; துவக்கு, தேர்தல், போன் என்று நாலு வருடமாக நான் ஒருத்தியே கேட்டுக்கொண்டிருந்தேன், அதனால் நீ மாடிக்குப் போனதும் றோபேட்டுக்கு அனுப்பின பேச்சை உன் போனில் ஆட்கள் கூடின இடமாகப் பார்த்து அனுப்பிவிட்டேன்."