காந்தல் சோற்றுக்காக வானேறிய பதிஸ்த்

வாழ்க பதிஸ்த்! ஒலிவாக் கடற்கரையின் ஒப்பற்ற பறவை, முப்பட்ட வேந்தன், ஆரஞ்சுத் தோப்புகளின் அதிபதி, இரு முழங்காலிலும் கட்டுப் போட்டும் தளராத தீரன் வாழ்க! அலைமகளே, அவன் கதை சொல்ல எனக்கு நாவைத் தா. காற்றரசனே, அன்று நீ செய்த சேட்டையை ஒப்புக்கொள்.

அந்த ஞாயிறு நண்பகலில், மணல்மேட்டின் பின்னே, விறகடுப்பில் பாயேயா என்னும் ஊர்ச்சோறு தயாராகிக்கொண்டிருந்தது. முயலும் கோழியும் அவரைக்காயும் வேகும் அந்த அகன்ற சட்டியின் அடியில் பொன்னிறமாக ஒட்டிக்கொள்ளும் காந்தல் சோறு யாருக்கு? அதற்குத்தான் போர். நீருக்கடியில் சிறகு பூட்டிய பலகையில் நின்று, ஆளையே தூக்கும் பெரும்பட்டத்தை வானில் பிடித்து, சட்டியில் முதல் கரண்டி விழுமுன் யார் மிக உயரம் தாவுகிறாரோ அவருக்கே காந்தல்!

கோடை முழுக்க அதைத் தின்றவள் மருந்துக்கடை எம்பார். அவளிடம் இருந்ததோ வெயிலில் வெளுத்த ஒரே ஒரு ஒன்பது மீட்டர் பட்டம். அன்றும் அவள் காவல் குடிசையின் கூரை உயரம் தாவி முடித்து, கையில் கரண்டியோடு அமர்ந்துவிட்டாள்.

பதிஸ்தோ மூன்று பட்டங்களை மணலில் விரித்து நின்றான். பன்னிரண்டு மீட்டர், மேலே போனால் இறக்க மனமின்றி அந்தரத்தில் தாங்கும். திரும்பச் சொன்னால் குளத்தில் படுத்த எருமை. ஏழு மீட்டர், சட்டெனத் திரும்பி வெடுக்கெனத் தூக்கும். தூக்கிய வேகத்திலேயே கீழே போடும். ஒன்பது? அது எம்பாரின் அளவு. மானமுள்ள வீரன் அதை ஏறிட்டும் பாரான்!

மெல்லிய காற்றுக்கான பெரியதன் காற்றுக்குழாய்க்கு அவன் பம்படிக்க, காற்று சீறியது. அதை அவிழ்த்துப் பலத்த காற்றுக்கான சிறியதற்கு அடிக்க, காற்று சோர்ந்தது. மீண்டும் பெரியதை ஊத, மீண்டும் காற்று சிங்கமெனச் சிலிர்க்க, தேவரும் அசுரரும் கடைந்த பாற்கடல்போல் நுரைத்து வியர்த்தான் நம் வேந்தன்.

"ஏன்டா பதிஸ்த், பட்டம் விடப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று முழங்கினாள் எம்பார்.

"மச்சான்! அரிசி வெந்தாச்சு! இது யாருக்காகவும் காத்திருக்காது!" என்று அடுப்படியிலிருந்து பறை சாற்றினான் அவன் மனைவியின் தம்பி சீமோ.

அக்கணமே மானத்தை மணலில் புதைத்தான் மாவீரன். ஒன்பதை ஊதினான். கடலில் பாய்ந்தான். சிறகு நீரைக் கிழிக்க, பட்டம் தலைக்குமேல் சுழல, எழுந்தான், எழுந்தான், குடிசைக் கூரை காலடியில் தீப்பெட்டியாகச் சிறுத்தது. கடற்காகம் ஒன்று வழிவிட்டு ஒதுங்கியது. மேகங்கள் அவன் மொட்டைத்தலைக்கு வெண்குடை பிடித்தன. அப்படியொரு தாவலை அந்தக் கரை கண்டதில்லை. அன்றும் காணவில்லை. ஊர் முழுவதன் கண்ணும் அடுப்பைவிட்டு இறங்கும் சட்டியில் இருந்தது.

பட்டத்தைச் சுருட்டி, ஈரம் சொட்டச் சொட்ட, வெற்றிக்கொடி நாட்ட ஓடிவந்தான்.

"எல்லாரும் பாத்தீங்கல்ல?"

"எதை மச்சான்?" என்றான் சீமோ, வாய் நிறைய.

எம்பார் கரண்டியை நக்கினாள்.

சட்டியில், சோற்றில் பிழிந்த எலுமிச்சையின் தோல்தான் மிச்சம் இருந்தது.