பிளாஸ்க் மூடியில் நெவில்

ஷெஃபீல்டு,
புதன்கிழமை

அன்புத் தங்கை ஆட்ரிக்கு,

அண்ணன் சிரில் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முழங்கால் இரண்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நீயும் உன் வீட்டுக்காரர் கிளிஃபும் நலமாகத்தான் இருப்பீர்கள். தட்டையான ஊரில் இருக்கிறவர்களுக்கு என்ன குறை?

நேரே விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை கிளிஃபை அவர் முட்டைக்கோஸ் ஏற்றுகிற வண்டியோடு இங்கே அனுப்பிவை. நான் நம் ஊர் ஸ்பால்டிங்குக்கே திரும்பிவிடுகிறேன். ஏப்ரல் முடிகிறவரை இருந்து பார்க்கிறேன், பிடித்தால் மிச்சச் சாமானையும் கொண்டுபோகிறேன் என்று சொல்லித்தானே பாதி வீட்டை உன் கார் ஷெட்டில் அடைத்துவிட்டு வந்தேன். பிடிக்கவில்லை. கார் இன்னும் தெருவில்தான் நனைகிறது என்று நீ போன கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருந்ததையும் படித்தேன்.

ஜில்லியனைக் குறை சொல்ல முடியாது. மகளாகப் பார்த்து நல்ல வீடாகத்தான் பிடித்துக் கொடுத்தாள். ஆனால் ஆஸ்பத்திரி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவள் முகம். மற்ற ஆறு நாளும் நானும் இந்த மேடும்தான். நம் ஊரில் ஒரு குவளைத் தண்ணீரைக் கீழே கொட்டினால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே நிற்கும். இங்கே கடைக்குப் போனாலும் ஏற்றம், திரும்பி வந்தாலும் ஏற்றம். இறக்கத்தை எங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று ஏழு வாரமாகத் தேடுகிறேன். மனிதர்களோ, பஸ் ஓட்டுகிறவர், ரொட்டிக் கடைக்காரி, குழாய் ரிப்பேருக்கு வந்த மீசைக்காரர், எல்லோரும் எழுபத்திரண்டு வயசுக்காரனைக் "கண்ணு" என்கிறார்கள். முதல் வாரம் எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இரண்டாம் வாரம் ரொட்டிக் கடைக்காரி ஒரு நாயையும் கண்ணு என்று கூப்பிட்டதைப் பார்த்தேன். எதிர் வீட்டுக்காரர் தினமும் "காத்து கொஞ்சம் இருக்கு" என்பார், நான் "இருக்கு" என்பேன், அவர் உள்ளே போய்விடுவார். ஒரு நாள் துணிந்து, "என் பேரு சிரில்" என்றேன். "அப்படியா" என்றார். அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. தனியாக இருக்கிறது, ஆட்ரி. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

ஜில்லியன்தான் நூலகத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினாள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் சேர்ந்து சுற்று வட்டாரத்தைப் பார்க்கிற நடை, சனிக்கிழமை காலை பத்து மணி, பஸ் நிலையம். புது பூட்ஸ் வாங்கிக்கொண்டு ஒன்பதரைக்கே போய் நின்றேன். மலைப் பக்கம் ஹாதர்சேஜ் போகிற பஸ்ஸுக்காகப் பூட்ஸும் முதுகுப் பையுமாக ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். நீலக் கோட்டு போட்ட அம்மா ஒருத்தர், "நீங்களும் எங்களோடதானா, கண்ணு?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு. அதற்குமேல் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. நம் இங்கிலீஷ் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, ஒருவரைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பதைவிட அவரைத் தத்து எடுத்துக்கொள்வது அவர்களுக்குச் சுலபம்.

பஸ்ஸில் எல்லோரும் கப்சிப். புது ஊர், கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த ட்ரெவர் என்ற தடித்த மனிதரிடம், "உங்களுக்கும் இது புதுசா?" என்று பேச்சுக் கொடுத்தேன். "முதல் தடவைதான். எப்படிச் செய்யணும்னே தெரியல" என்றார். "நமக்கென்ன, மெதுவா ஏறிடலாம்" என்றேன். "பாலினை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு" என்று நீலக் கோட்டு அம்மாவைக் காட்டினார். சரி, அந்த அம்மாவுக்கும் முழங்கால்தான் என்று முடிவு கட்டி, இறங்கியதும் போய், "பையைக் குடுங்க, மேல வரைக்கும் நான் தூக்கிட்டு வரேன்" என்றேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பைக்கு இவ்வளவா என்று நினைத்துக்கொண்டே தூக்கினேன். கனம் என்றால் அப்படி ஒரு கனம்.

மேலே பாறை விளிம்பில் தலையைப் பிய்க்கிற காற்று. எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஏறி முடித்ததும் டீதானே, நான் பிளாஸ்க்கை எடுத்து மூடியைக் கழற்றினேன். அந்த நேரம் பாலின் பையைத் திறந்து, மிட்டாய்க் கடையில் இருக்குமே அந்த மாதிரி பிளாஸ்டிக் ஜாடி ஒன்றை எடுத்தார். உள்ளே வெளிறிய பொடி. பால் பவுடர், எல்லோருக்குமாகக் கொண்டுவந்திருக்கிறார், என்ன நல்ல மனசு என்று மூடியை நீட்டினேன். ஒன்பது பேரும் என் மூடியையே பார்த்தார்கள். பாலின் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜாடியைச் சாய்த்து, மெதுவாக அதில் கொஞ்சம் போட்டார். ட்ரெவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்ல யோசனை" என்று தன் பிளாஸ்க் மூடியையும் நீட்டினார். பிறகு வரிசையாக எல்லோரும் நீட்டினார்கள். எல்லோருக்கும் போட்டு முடித்து, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க, நெவில்" என்றார் பாலின். இது நோட்டீஸில் போட்ட நடையே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மூடியில் இருந்தது பால் பவுடர் இல்லை, பாலினின் வீட்டுக்காரர். நல்லவேளை, நான் முன்கூட்டியே டீ ஊற்றியிருக்கவில்லை.

எல்லோரும் காற்றுப் பார்த்து அஸ்தியைத் தூவினார்கள். நான் பதற்றத்தில் எதிர்க்காற்றில் தூவினேன். என் பங்கு நெவில் திரும்பி வந்து என் கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தட்டிவிடுவது மரியாதையா, விட்டுவைப்பது மரியாதையா என்று தெரியாமல் பஸ் ஏறுகிறவரை அப்படியே இருந்தேன்.

இதோடு விட்டதா? பன்றி இறைச்சி அடைத்த பலகாரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே ட்ரெவர், "எங்க அண்ணன் நெவில் உங்களுக்கு எப்படிப் பழக்கம்?" என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மனசில் வந்தது ஒன்றே ஒன்று, "பஸ்ஸுல" என்றேன். எல்லோர் முகமும் மலர்ந்தது. நெவில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவராம். சொல்லுங்க, சொல்லுங்க என்றார்கள். நானும் சொன்னேன்: நல்ல மழை, நான் மேட்டில் மூச்சு வாங்க ஓடி வருகிறேன், கதவைச் சாத்தியாயிற்று, நெவில் கண்ணாடியில் பார்த்துவிட்டு நிறுத்துகிறார், கதவைத் திறந்து, "மெதுவா வாங்க, பஸ் எங்கயும் போயிடாது" என்கிறார். எவ்வளவு அழகான பொய் பார். ட்ரெவர் சட்டென்று திரும்பிக்கொண்டார், முதுகு குலுங்கியது. இன்னொரு அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாலின் என் கையைப் பிடித்து, என் பெயரைக் கேட்டார். ஏழு வாரத்தில் கேட்ட முதல் ஆள், அதுவும் நான் இப்படிப் புளுகிய பிறகு. "வர்ற சனிக்கிழமை எல்லாரும் நம்ம வீட்டுல டீக்குக் கூடறோம். நீங்க கட்டாயம் வரணும், சிரில். நெவில் கதை இன்னொண்ணு சொல்லணும்" என்றார்.

அந்த அம்மா வீடு என் வீட்டுக்கு இரண்டு தெரு மேலே. மேலேதான், வேறெங்கே? ஒரு விதவையின் துக்கத்தில் புகுந்து டீக்கு மூடி நீட்டியவன் நான். எந்த முகத்தோடு அங்கே போய் உட்காருவேன்? அதனால்தான் வெள்ளிக்கிழமையே வண்டி கேட்கிறேன். தட்டிக் கழிக்காதே.

கிளிஃபுக்கு என் அன்பு. உன் பேரப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு முத்தம். எல்லோரும் நோய்நொடியில்லாமல் சமதரையில் நடந்து நூறு வயது இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிற,

உன் அண்ணன்,
சிரில்

பின்குறிப்பு: உறையைக் கிழித்து மறுபடி எழுதுகிறேன், காரணம் இருக்கிறது. இதைத் தபாலில் போடப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் பாலின் நிற்கிறார். ஓடவா முடியும் இந்த மேட்டில்? சொல்லிவிட்டேன்.

"பாலின், உங்க வீட்டுக்காரரை நான் பார்த்ததே இல்லை."

"தெரியும், சிரில்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க கதை சொன்னப்பவே. முப்பத்தொரு வருஷத்துல நெவில் ஒருத்தருக்காகவும் நின்னதில்ல. பத்து பதினாறுக்குக் கிளம்பணும்னா பத்து பதினாறுதான். நானே ஒரு தடவை ரெண்டு கையிலயும் பையோட ஓடி வந்தேன். என்னைப் பார்த்துக்கிட்டே கதவைச் சாத்திட்டுப் போன மனுஷன் அவரு."

"ட்ரெவர் அழுதாரே."

"அழுகையா? சிரிப்பை அடக்க முடியாமத் திரும்பிக்கிட்டாரு. நெவில் போனதுலேர்ந்து எங்க வீட்டுல யாரும் சிரிக்கல."

"அப்போ ஏன் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். தன் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை அந்தக் கதையையே சொல்லுங்க, சிரில். ஆனா இந்தத் தடவை ஓடி வர்றது நானா இருக்கட்டும்."

ஆகவே கிளிஃபை வெள்ளிக்கிழமை அனுப்பத்தான் வேண்டும். வண்டி காலியாக வர வேண்டாம். பச்சை நாற்காலி, புத்தக அலமாரி, உன் ஷெட்டில் இருக்கிற மிச்சம் எல்லாவற்றையும் ஏற்றிவிடு, உன் கார் நனையாமல் இருக்கட்டும். நான் கதையைச் சரிசெய்ய வேண்டும், மூன்று நாள்தான் இருக்கிறது. மழையை அப்படியே வைத்துக்கொண்டேன், கதவையும் திறந்துவிட்டேன். பாலின் ஏறி உட்கார்ந்ததும் நெவில் அவரிடம் என்ன சொல்கிறார் என்பதுதான் இன்னும் வரவில்லை.