பர்கர் வாங்கத் தெரியாத அப்பா

“நீங்க முன்னாடி போங்க தம்பி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல,” என்றார் அப்பா, டேப்லெட் திரையில் தனக்குப் பின்னால் நின்ற பொம்மை மனிதரிடம்.

மகள் போராம் தலையில் கைவைத்துக்கொண்டாள். வரிசையில் நிற்பவருக்கு வழிவிடும் பொத்தானை மரியாதைக்காக வைத்தது அவள்தான். முப்பது வருடம் பேருந்து ஓட்டியபோது, மூச்சிரைக்க ஓடிவரும் பயணிக்கு ஒரு நொடி நின்றறியாத மனிதர், இப்போது ஜேச்சோன் நகரத்தையே முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியில் நின்றார். பொம்மைக் கடையை இழுத்துச் சாத்தும் நேரமே வந்துவிட்டது. பர்கர் வரவில்லை.

சியோல் பல்கலைக்கழகத்தில் போராம் படிப்பது கற்பிக்கும் வீடியோ கேம் உருவாக்கும் படிப்பு. பர்கர் கடையில் திரையைத் தொட்டு ஆர்டர் கொடுக்கும் மெஷினைக் கண்டால் வயதானவர்கள் கும்பிடு போட்டுவிட்டு ஓடுகிறார்களே, அவர்களுக்காகத்தான் இந்த விளையாட்டு. பேராசிரியை நோவின் நிபந்தனை ஒன்றே ஒன்று: மெஷினைத் தொடவே தெரியாத ஒருவர் விளையாடி முடித்துக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்ச்சி கிடையாது. வங்கி வேலையை உதறிவிட்டு வந்த போராமுக்குத் திரும்பிப் போக நாற்காலியும் இல்லை.

தெரியாத ஆளுக்கு அவள் அலையவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டாள். “ஐயோ, எனக்கு அந்த மெஷினெல்லாம் என்னம்மா தெரியும்,” என்றார் அவர். அம்மா போன பிறகு சூசோக் அறுவடைத் திருநாளுக்கும் புத்தாண்டுக்கும் மட்டும் தலைகாட்டிக்கொண்டிருந்தவள், அன்றுமுதல் சனிக்கிழமை தவறாமல் ரயிலேறி வந்தாள்.

பார்த்துப் பார்த்து வரைந்த வரிசையை மனமில்லாமல் அழித்தாள். அடுத்த வாரம், “என்ன வேண்டும்?” என்று மெஷின் கேட்டதும் அப்பா, சாப்பிட்டாச்சா என்று அதை விசாரித்தார். பதில் வராததால் கோபித்துக்கொண்டார். குரலை எடுத்தாள். வழிகாட்ட ஒரு வாத்தை விட்டாள். அப்பா வாத்தைத் தட்டினார், அது கத்தியது. சாயங்காலம்வரை தட்டினார். அடுப்பில் சுண்டவைத்த கிம்ச்சி ஊறுகாய்க் குழம்பு கரியாகி, பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடப் போனார்.

வாத்தும் போயிற்று. திரையிலிருந்த பர்கர் வகைகளும் போயின. கடைசியில் வெள்ளைத் திரையில் தர்பூசணி அளவுக்கு ஒரே ஒரு சிவப்புப் பொத்தான் மிஞ்சியது.

பேராசிரியை அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “இது வீடியோ கேமா, காலிங் பெல்லா?” என்று கேட்டார்.

அந்தக் காலிங் பெல்லோடுதான் இந்தச் சனிக்கிழமை வந்திருந்தாள். அப்பா விரலைப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனார். விரல் அந்தரத்தில் நின்றது.

“அழுத்தினா எதுவும் ஒடஞ்சிடாதே?”

“உங்களால ஆகாதுப்பா. விடுங்க,” என்றாள் போராம். “நான் வேற ஆளப் பாத்துக்கறேன். இனிமே வரல.”

அப்பா விரலை மடக்கிக்கொண்டார். “இன்னும் ஒரே ஒரு வாரம் பழகிப் பாக்கறேனே,” என்றார். அவள் டேப்லெட்டைப் பைக்குள் திணித்தாள். அவர் கிம்ச்சி டப்பாவைத் துணியில் கட்டிக் கொடுத்தார்.

படியிறங்கும்போதே சொன்னதைத் திரும்ப விழுங்கிவிட முடியாதா என்றிருந்தது அவளுக்கு. சொன்னது சொன்னதுதான். தெருமுனையில் முதியோர் மன்றம். உள்ளே ஹ்வாத்து சீட்டாட்டம் சூடுபறந்துகொண்டிருந்தது. அப்பாவின் கூட்டாளி மான்சிக் மாமாவிடம் டேப்லெட்டை நீட்டினாள். எடுத்ததையெல்லாம் திரும்பச் சேர்த்து, வரிசையும் குரலும் வாத்துமாக முழு ஆட்டத்தையே போட்டுக் கொடுத்தாள். இவர்களில் ஒருவர் தடுமாறிக் கற்றுக்கொண்டாலும் போதும்.

மான்சிக் மாமா ஒரு கையில் சீட்டைப் பிடித்தபடியே மறுகையால் டப் டப்பென்று தட்டினார். இறால் பர்கர், வெங்காயம் இல்லாமல், ஐஸ் குறைவாக, பார்சல். வாத்து வாயைத் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்தது. அடுத்தவர் இன்னும் வேகம். காதுகேட்கும் கருவியைக் கழற்றி வைத்திருந்த கிழவர்கூடச் சலுகைக் கூப்பனைத் தேடிப்பிடித்துப் போட்டார். மன்றம் முழுக்கத் தேடியும் தெரியாதவர் என்று ஒருத்தர்கூட அகப்படவில்லை.

தேர்ச்சி கண்ணெதிரே காற்றில் பறந்தது. போராம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உங்களுக்கெல்லாம் இதை யார் மாமா கற்றுக்கொடுத்தது என்று கேட்டாள்.

மான்சிக் மாமா சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உங்கப்பன்தான், வேற யாரு? போன வருஷமே எங்களையெல்லாம் கடைக்கு இழுத்துட்டுப் போயிப் பழக்கிவிட்டான். ஆனா அவனுக்குத் தெரியும்னு நான் சொன்னதா அவன்கிட்ட சொல்லிடாத, தாயி. நீ சனிக்கிழமை வர்றது நின்னுடும்னு பயப்படறான்.”