வாசித்ததாகக் கொள்ளப்படும்

நாட்டின் எதிர்காலம் இளைஞர்களின் கையில் இருக்கிறது என்பது அரசின் கொள்கை. இளைஞர்களின் கையில் என்ன இருக்கிறது என்பது பற்றி அதுவரை கொள்கை எதுவும் வகுக்கப்படவில்லை. அந்தக் குறையைப் போக்குவதற்காக, இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வருடம், இளைஞர் நலனும் பொருளாதாரமும் என்ற தலைப்பில் நாடாளுமன்றத்தில் இரண்டு நாள் விவாதம் வைத்தார்கள்.

எங்கள் தொகுதி உறுப்பினர் மாண்புமிகு சுருளிவேல் அவர்களுக்கும் பேச வாய்ப்பு வந்தது. நான்கு ஆண்டுகளில் அவர் அவையில் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. "இந்த ஏசிய கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டார். அவர் குஜராத்திக்காரர். சிரித்து வைத்தார். அது அவைக் குறிப்பில் ஏறவில்லை.

அடுத்த வருடம் தேர்தல். ஏதாவது குறிப்பில் ஏறியாக வேண்டும். எனவே உறுப்பினரின் உதவியாளர் ஆதித்தன், அனுமந்தன்பட்டிக்குப் போய் வேல்விழியைப் பார்த்தார்.

வேல்விழி எம்.ஏ. பொருளாதாரம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அவள் அம்மா மலையம்மாள் தினமும் விடியுமுன் ஜீப்பில் குமுளி மலையேறி ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்துதான் அவளைப் படிக்க வைத்திருந்தாள்.

"வேலையில்லாத இளைஞர் படுற பாட்ட எழுதித் தரணும் தாயி. உனக்குக் கற்பனை வருமா?" என்றார் ஆதித்தன்.

"இதுக்கு அது தேவைப்படாதுங்க" என்றாள் வேல்விழி.

நான்கு நாள் உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினாள். விலை சரிந்தால் பன்னீர் திராட்சை கொடியிலேயே அழுகுவதை எழுதினாள். பட்டம் வாங்கிய பிள்ளைகள் ஜீப்பில் தொங்கிக்கொண்டு கூலிக்குப் போவதை எழுதினாள். முடிவாக, குச்சனூர்ப் பக்கம் அரசு திராட்சைச் சாறு ஆலை ஒன்று அமைக்கப்பட வேண்டும், அதில் பதிவு மூப்புப்படி நானூறு பேர் பணியமர்த்தப்பட வேண்டும் என்று எழுதினாள். எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது.

ஆதித்தன் வாசிக்க, உறுப்பினர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தேன் இருக்கு. ஆனா அதென்னய்யா, வரிக்கு வரி வேண்டும் வேண்டும்னு? நாம ஆளுங்கட்சி. நம்ம அரசுகிட்ட நாமளே வேணும்னு கேட்டா, இப்ப இல்லேனு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா?"

டில்லி ரயிலில் ஆதித்தன் சிவப்புப் பேனாவால் எல்லா வேண்டும்களையும் அடித்தார். அந்தரத்தில் தொங்கிய வினைச்சொற்களுக்கு இலக்கணப்படி முடிவு கட்டினார். ஆலை அமைக்கப்பட்டது. நானூறு பேர் பணியமர்த்தப்பட்டனர்.

விவாதத்தின் இரண்டாம் நாள், நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது சுருளிவேல் அழைக்கப்பட்டார். எழுந்தார். கண்ணாடியைத் தேடினார். "மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே" என்றார். மணி அடித்துவிட்டது.

"மீதியை அவையில் வைத்துவிடுங்கள். வாசித்ததாகக் கொள்ளப்படும்" என்றார் தலைவர்.

சுருளிவேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். இப்படி ஒரு சுருக்கமான உரையை அவர்கள் கேட்டதேயில்லை.

மூன்று மாதம் கழித்து, அச்சான அந்த உரையின் பிரதி ஒன்று வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். பதிவேட்டை எடுத்து, மூப்பு வரிசையில் முதல் நானூறு பெயர்களை நீக்கினார். அத்தனை பேருக்கும், 'பணியமர்த்தப்பட்டமையால் பெயர் நீக்கம் செய்யப்பட்டது' என்று வட்ட முத்திரை வைத்த சான்றிதழ் அனுப்பினார்.

அந்த வாரம்தான் புள்ளியியல் அலுவலகத்தில் ஓர் இடம் காலியாகியிருந்தது. மூப்புப்படி அது வேல்விழிக்கு வர வேண்டியது. சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"சார், நான் எந்த வேலைக்கும் போகலயே!"

"போயிருக்கீங்கம்மா. அவைக் குறிப்புல இருக்கு. அது பொய்யின்னு நான் எழுதுனா நாடாளுமன்ற உரிமை மீறல். எனக்கு ரிட்டயர்மென்டுக்கு எட்டு மாசந்தான் இருக்கு."

"அப்ப அந்த ஆலையக் காட்டுங்க."

"ஆலை தொழில் துறை. நாங்க வேலைக்கு மட்டுந்தான் பொறுப்பு."

"ஆலை இல்லாம வேலை எப்படி சார் இருக்கும்?"

அதிகாரி கனிவோடு பார்த்தார். "வேலை இல்லாமலே வேலைவாய்ப்பு அலுவலகம் முப்பது வருசமா நடக்குதேம்மா."

புள்ளியியல் வேலை நானூற்று ஒன்றாவது ஆளுக்குப் போனது. வேல்விழி அன்று சாப்பிடவில்லை. சான்றிதழைக் கிழிக்கப் போனவளிடமிருந்து மலையம்மாள் அதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்தாள். "கெவருமெண்டு சீல் இருக்குல்ல. எதுக்காச்சும் ஆகும்."

அதற்குள், 'நானூறு பேருக்கு வாழ்வளித்த நாயகனே' என்று கம்பம் முதல் தேனி வரை சுவரொட்டி. உத்தமபாளையத்தில் நன்றி அறிவிப்புக் கூட்டம். பயனடைந்தோர் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்று ஆதித்தன் வேல்விழியையே கூப்பிட்டார். அவள் உடனே சம்மதித்தாள். மைக் முன்னால் நின்றதும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"ஆலையே கெடையாதுங்க. குச்சனூர்ல போயிப் பாத்தேன். அங்கன சோளக்காடுதான் இருக்கு. நம்ம நானூறு பேரையும் ஏமாத்திட்டாக!"

கூட்டம் இப்போது கொதித்து எழும் என்று நினைத்தாள். எழுந்தது முன்வரிசையில் இருந்த பூமாரி என்ற அம்மாள்.

"ஏ புள்ள, ஒனக்கென்ன வந்துச்சு? எம் மகனுக்கு ஆலையில வேலைனு சொல்லித்தேன் பொண்ணு குடுத்துருக்காக. ஆவணியில கல்யாணம். வாய வச்சிக்கிட்டுச் சும்மா இறங்குவியா!"

"எங்க வீட்டுலயுந்தான்!" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. அரசு ஆலை உத்தியோகம் என்று முத்திரையோடு தாள் வந்த பிறகு, கம்பம் பள்ளத்தாக்கில் நாற்பது நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. பெண் வீட்டார் யாரும் ஆலையைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைத்தான் பார்த்தார்கள்.

சுருளிவேல் மைக்கை வாங்கினார். "தொழிலாளின்னா நாலு குறை சொல்லத்தேன் செய்வாக. தப்பில்ல. நிர்வாகத்துக்கிட்ட நான் பேசுறேன்" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அடுத்த தேர்தலில் முன்னைவிட அதிக வாக்கில் ஜெயித்தார்.

அந்தக் கூட்டம் முடிந்து, புரட்டாசி பிறக்கும் முன்பே வேல்விழியைப் பெண் பார்க்க வந்தார்கள். வடுகபட்டியிலிருந்து சுரேஷ்கண்ணன் என்ற பையன். பட்டதாரி, வயது முப்பத்து மூன்று. இதற்கு முன் வந்த ஆறு இடமும், படிச்ச பொண்ணு சும்மா இருக்கே என்று தட்டிப் போனவை. மலையம்மாள் அன்று ஜீப்புக்குப் போகவில்லை. கேசரி கிண்டியிருந்தாள். அவள் கையில் ஏலக்காய் வாசம் போகாமல் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். "பொண்ணு என்ன வேலையில இருக்காக?"

மலையம்மாள் மகளைப் பார்த்தாள்.

"திராட்சை ஆலையில" என்றாள் வேல்விழி. "தரக்கட்டுப்பாடு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "அடி ஆத்தீ! எம் மகனும் அங்கனதான் தாயி. ஏற்றுமதிப் பிரிவு!"

வேல்விழி நிமிர்ந்தாள். சுரேஷ்கண்ணன் கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது.

"ஒரே ஆலையில இருக்கீக, ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்லையா?" என்று மாப்பிள்ளையின் அம்மா வியந்து கேட்டாள்.

சுரேஷ்கண்ணன் மெல்லத் தலை தூக்கி, கெஞ்சுகிற கண்களோடு வேல்விழியைப் பார்த்தான்.

"ஷிப்டு வேற வேறயா இருந்திருக்கும்" என்றாள் வேல்விழி.